பயனர் ஆய்வை ரோட்மேப்புக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: ஆறு பேர் கொண்ட சிறிய தயாரிப்புக் குழு. ஒரு டிசைனர், ஒரு புராடக்ட் மேனேஜர், நான்கு டெவலப்பர்கள். திரைகள் நன்றாக வருகின்றன, எப்போதாவது பயனர்களை உட்காரவைத்துச் சோதனையும் நடக்கிறது. ஆனால் அடுத்து எதைக் கட்டுவது என்பதை யாரோ எங்கோ முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். வடிவமைப்பையும் தயாரிப்பு உத்தியையும் சேர்த்து மேம்படுத்த என்ன வழி?

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் கட்ட உதவும் ஒரு செயலி. இங்கே வீடுகளுக்குக் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இந்த ஒரு தகவல் பின்னால் பல இடங்களில் கணக்கை மாற்றப் போகிறது.

பெரும்பாலான குழுக்களில் ஆய்வு வீணாவதற்குக் காரணம் ஆய்வின் தரம் குறைவு என்பதல்ல. முடிவு எடுத்து முடிந்த பிறகு அறிக்கை வந்து சேர்கிறது. நாற்பது ஸ்லைடு தயாராகும்போது டெவலப்பர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். அந்த நிலையில் எந்தக் கண்டுபிடிப்பும் தொந்தரவாகத்தான் தெரியும். ஆகவே முதல் மாற்றத்தை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரு பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த முடிவுக்காக இந்த ஆய்வு, அந்த முடிவை எடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் எடுக்கப் போகிறார், எந்தப் பதில் வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பார். நான்காவதுதான் உயிர். "பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்று பாதிப் பேராவது சொன்னால் நினைவூட்டல் வசதியைத் தள்ளிவைத்து அதை முதலில் சரிசெய்வோம்" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், பிறகு பேச்சை மாற்றுவது கடினம். எந்தப் பதில் வந்தாலும் அதே வசதியைத்தான் கட்டப் போகிறோம் என்றால் அந்த ஆய்வையே செய்யாதீர்கள். வந்து உட்காரும் பயனரின் நேரத்துக்கு அந்த மரியாதையாவது தர வேண்டும்.

உத்தி என்று எதை எழுதுவது

தேதி போட்ட வசதிகளின் பட்டியலை ரோட்மேப் என்று வைத்துக்கொண்டு அதையே உத்தி என்கிறார்கள். அது வேலைத் திட்டம். உத்தி என்றால் யாருக்காக, எந்தத் தருணத்தில், இப்போது அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார், நாம் எதில் அதைவிட மேல், எதைச் செய்யவே மாட்டோம் என்ற ஐந்துக்கும் பதில் இருக்க வேண்டும்.

மின்கட்டணச் செயலியையே பாருங்கள். "வீட்டு மின்நுகர்வோர்" என்று ஒருவர் கிடையாது. திருநெல்வேலியில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து பணம் கட்டும் மகள் ஒருவர். ஐந்து இணைப்புகள் வைத்திருக்கும் வீட்டு உரிமையாளர் இன்னொருவர். உரிமையாளர் பெயரில் இருக்கும் இணைப்புக்குப் பணம் கட்டும் வாடகைக்காரர் மூன்றாமவர். மகளுக்குக் கணக்கெடுத்த செய்தி தன் போனுக்கு வர வேண்டும். உரிமையாளருக்கு இணைப்பு எண்களுக்குப் பதில் "மாடி", "பின்கட்டு", "கடை" என்று பெயர் வைக்க முடிய வேண்டும். வாடகைக்காரருக்கு உரிமையாளரிடம் காட்ட ரசீது வேண்டும். மூவரையும் முதல் பதிப்பிலேயே திருப்திப்படுத்த நினைத்தால் முகப்புத் திரையில் பன்னிரண்டு பொத்தான்கள் வந்து நிற்கும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மற்ற இருவருக்கும் இப்போதைக்கு எதைச் செய்யப் போவதில்லை என்று எழுத்தில் வையுங்கள். உங்கள் போட்டியும் மற்ற செயலிகள் மட்டும்தான் என்று எண்ணாதீர்கள். தெருமுனை பிரவுசிங் சென்டர், மின்வாரியக் கவுன்ட்டர், "நீயே கட்டிடு தம்பி" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்வது எல்லாம் போட்டிதான்.

இதையும் அன்றாட வேலையையும் இணைக்க, தயாரிப்புக் குழுக்களுக்குப் பயிற்சி தரும் டெரசா டோரஸ் பரப்பிய மர வரைபடம் நன்றாக உதவும். மேலே ஒரு விளைவு, அதன் கீழே பயனரின் தேவைகளும் தடைகளும், ஒவ்வொன்றின் கீழேயும் தீர்வுகள், கடைசி வரிசையில் அவற்றைச் சோதிக்கும் வழிகள். இதில் எல்லோரும் வழுக்கும் இடம் இரண்டாவது வரிசை. "ரிமைண்டர் வேண்டும்" என்று அங்கே எழுதுவார்கள். அது தீர்வு. "கணக்கெடுத்தது தெரியாமல் கடைசி நாள் தாண்டிவிடுகிறது" என்பதுதான் தடை. ஒரு தடைக்கு உங்களால் மூன்று வெவ்வேறு தீர்வுகளை யோசிக்க முடியவில்லை என்றால், தீர்வையே தடை என்று எழுதியிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்.

பேட்டி

காலாண்டுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு செய்வதைவிட வாரம் இரண்டு பேருடன் அரைமணி நேரம் பேசுவது மேல். கிழமையையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்ப்பதுதான் இந்தப் பழக்கத்தை முதலில் உடைக்கும், அதனால் செயலிக்குள்ளேயே, பணம் கட்டி முடித்த பக்கத்தில், "அரைமணி நேரம் பேச முடியுமா?" என்ற ஒரு வரியை வைத்து, வருபவர்களைத் தானாக நாட்காட்டியில் பதியச் செய்யுங்கள். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பணம் கட்டி முடித்தவர்கள் மட்டுமே அந்த வரியைப் பார்க்கிறார்கள். பாதியில் விட்டுப் போனவர்களைத் தனியாக அழைக்காவிட்டால் உங்களிடம் பேசுவது முழுக்க வெற்றி பெற்றவர்கள்தான்.

கேள்விகள் நடந்து முடிந்ததைப் பற்றியே இருக்கட்டும். "கடைசியா கரண்ட் பில் எப்ப கட்டினீங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க." பிறகு "அப்புறம்?" என்பதும் மௌனமும் போதும். "இப்படி ஒரு வசதி இருந்தா பயன்படுத்துவீங்களா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்பவர்கள் குறைவு. "நல்லாத்தான் இருக்கு சார்" என்ற பதில் உங்களைப் புண்படுத்தாமல் இருப்பதற்காக வருவது. அதை ஆதாரமாக எண்ணினால் ஆறு மாத வேலை வீணாகும். பேட்டியைத் தொடங்கும்போதே "இதை நான் செய்யலை, குறை சொன்னாத்தான் எங்களுக்கு உதவி" என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அதாவது திரையை வரைந்தவரே பேட்டி எடுக்கக் கூடாது.

குறிப்பெடுப்பவர் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும். "பயனருக்கு நம்பிக்கை இல்லை" என்பது குறிப்பெடுப்பவரின் கருத்து. "காசு போயிடுமோன்னு ரெண்டு தடவ பேலன்ஸ் பார்த்தேன்" என்பதுதான் தரவு. ஒவ்வொரு பேட்டியிலும் ஒரு டெவலப்பராவது சுழற்சி முறையில் உட்காரட்டும். எந்த அறிக்கையாலும் வராத மாற்றம் அதில் வரும்.

பயன்பாட்டுச் சோதனை: ஐந்து பேர் போதுமா?

பயனரிடம் ஒரு பணியைக் கொடுத்து, அவர் செயலியில் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பதுதான் பயன்பாட்டுச் சோதனை. அதற்கு ஐந்து பேர் போதும் என்று பலர் சொல்வார்கள். இந்த ஐந்து என்ற எண் 1993-இல் பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டவரும் வெளியிட்ட கணக்கிலிருந்து வருகிறது. ஒரு சிக்கல் ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கொண்டால், ஐந்து பேரிடம் சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும். பலர் மறப்பது அந்த 31 என்ற அனுமானத்தை. பத்தில் ஒருவரை மட்டும் பாதிக்கும் சிக்கல் என்றால், ஐந்து பேரைச் சோதித்தாலும் அது ஒருமுறையாவது கண்ணில் படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பணப் பரிமாற்றத்தில் பத்தில் ஒருவர் தடுமாறுவது மிகப் பெரிய விஷயம். ஆகவே ஐந்து பேரை ஒரு சுற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோதித்து, திருத்தி, மீண்டும் வேறு ஐந்து பேர். மகளையும் வீட்டு உரிமையாளரையும் கலந்து ஐந்து பேர் என்று கணக்குக் காட்டுவது பயன் தராது; ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வேண்டும்.

பணிகளை எழுதுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "'இணைப்பைச் சேர்' பக்கத்துக்குப் போய் உங்கள் எண்ணைப் பதியுங்கள்" என்று பணி கொடுத்தால், பொத்தானில் உள்ள சொல்லையே கையில் கொடுத்துவிட்டீர்கள். "உங்க அம்மா வீட்டு பில்லையும் இதுல கட்டணும்னு வச்சுக்குங்க" என்று சூழலை மட்டும் சொல்லுங்கள். ஒருவர் தடுமாறும்போது உதவ வேண்டும் என்று கை துடிக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "இது என்ன பட்டன்?" என்று கேட்டால் "என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லிவிட்டு, கூடவே எத்தனை நொடி ஆனது என்று அளக்காதீர்கள். பேசுவதே வேகத்தை மாற்றிவிடும்.

சோதனை அவருடைய சொந்தப் போனில், அவருடைய மொபைல் டேட்டாவில் நடக்கட்டும். அலுவலக வைஃபையும் விலை உயர்ந்த போனும் பாதிச் சிக்கல்களை மறைத்துவிடும். திரையில் கீறல், பெரிதாக்கிய எழுத்து, நிரம்பிய நினைவகம், நடுவில் வரும் அழைப்பு எல்லாம் அவருடைய நிஜம்.

எல்லாவற்றையும்விட, தோல்வி நிலைகளைச் சோதியுங்கள். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் வரைந்த மாதிரியில் பணம் எப்போதும் வெற்றிகரமாகப் போய்ச் சேர்கிறது. நிஜத்தில் யுபிஐ வழியாகக் கணக்கிலிருந்து பணம் கழிந்து, பெறுபவரிடமிருந்து உறுதி வராமல் நிற்கும் நிலை உண்டு. அந்த நேரத்தில் "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று காட்டும் திரை, பயனரை இரண்டாவது முறை பணம் கட்ட வைக்கிறது. அங்கே இருக்க வேண்டியவை: தொகை கழிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரிந்த அளவு, பரிவர்த்தனை எண், "இப்போது மீண்டும் கட்ட வேண்டாம்" என்ற தெளிவான வரி, எப்போது முடிவு தெரியும் என்ற காலம். இந்தக் காலத்தை நீங்களாக யூகிக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வணிகருக்குச் செலுத்திய யுபிஐ பணத்துக்கு உறுதி வராவிட்டால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த வரியைத் திரையில் போடுவது வடிவமைப்பு வேலையா, உத்தியா, சட்ட வேலையா என்று பிரிக்க முடியாது. பயனரின் நம்பிக்கை இங்கேதான் உருவாகிறது அல்லது உடைகிறது.

திரையில் காட்ட எதுவும் இல்லாத வெறுமை நிலையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பூட்டியே கிடக்கும் சொந்த ஊர் வீட்டுக்குத் தொகை பூஜ்யமாக வரலாம். அப்போது "விவரம் இல்லை" என்று காட்டினால் செயலி பழுது என்று நினைப்பார். "இந்த முறை 64 யூனிட், கட்ட வேண்டியது எதுவும் இல்லை" என்று எழுதினால் நிம்மதியாக மூடிவைப்பார்.

எண்களை எங்கே நம்புவது

பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று அளக்கும் எஸ்யுஎஸ் (System Usability Scale) என்ற பத்து வாக்கியக் கேள்வித்தாளை ஜான் புரூக் 1986-இல் உருவாக்கினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஏற்கிறார் என்று பயனர் 1 முதல் 5 வரை குறிப்பார்; ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டாகவும் இரட்டைப்படை வாக்கியங்கள் குறையாகவும் இருக்கும். ஒற்றைப்படை வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படைக்கு 5-லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்க வேண்டும். விடை 0 முதல் 100 வரை வரும், சராசரி ஏறக்குறைய 68. இது சதவீதம் அல்ல; 70 வாங்கியதால் எழுபது பேருக்குப் பிடித்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஐந்து பேரிடம் எடுத்த எஸ்யுஎஸ் எண்ணுக்கு மதிப்பில்லை, அடுத்த ஐந்து பேரிடம் பெரிதாக மாறலாம். தமிழில் தரும்போது எதிர்மறை வாக்கியங்களில் கவனம் தேவை. "இது தேவையில்லாமல் சிக்கலாக இல்லை என்பதை ஏற்கவில்லை" என்ற பாணியில் மொழிபெயர்த்துவிட்டால் மக்கள் தலைகீழாகக் குறிப்பார்கள். எல்லா வாக்கியங்களுக்கும் ஒரே பக்கத்தில் குறித்த தாள்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

பயன்பாட்டு அளவீடுகளுக்கு வருவோம். தினமும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்ற எண்ணை மேலிடம் விரும்பும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் செயலிக்கு அந்த எண்ணை இலக்காக வைத்தால், குழு தேவையற்ற அறிவிப்புகளை அனுப்பித்தான் அதை உயர்த்தும். அறிவிப்பை அணைத்த பிறகு உண்மையான நினைவூட்டலும் போய்ச் சேராது. மாத அளவீடும் ஏமாற்றும், ஏனென்றால் ஒரே பயனர் ஒரு மாதம் வருவார், அடுத்த மாதம் வரமாட்டார். இங்கே சரியான அளவு: ஒரு கணக்கெடுப்புச் சுழற்சியில் கட்ட வேண்டியிருந்த இணைப்புகளில் எத்தனை நம் வழியாகக் கடைசி நாளுக்குள் கட்டப்பட்டன, அடுத்த சுழற்சியிலும் அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள். கூடவே காவலுக்கு ஓர் எண்: உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள். முதலாவது ஏறும்போது இரண்டாவதும் ஏறினால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது.

பயனர்களை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு வடிவத்தைக் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனை பற்றி ஒரு கடினமான உண்மை. பணம் கட்டி முடிப்பவர் விகிதம் 70-லிருந்து 72 சதவீதமாக உயர்ந்ததா என்று வழக்கமான நம்பகத்தன்மையோடு சொல்ல, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 8,100 பேர் தேவை. 70-லிருந்து 80 ஆனதா என்று பார்க்க 300 பேர் போதும். மாதம் 3,000 பேர் வரும் செயலியில் முதல் வகைச் சோதனைக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். எனவே சிறிய குழு பொத்தான் நிறத்தை ஏ/பி செய்து காலத்தைக் கரைக்கக் கூடாது. பெரிய வித்தியாசம் தரக்கூடிய மாற்றங்களை மட்டும் எண்ணால் சோதித்து, மற்றவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். நாள்தோறும் முடிவை எட்டிப் பார்த்து, பச்சை தெரிந்ததும் நிறுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். எத்தனை பேர் வரை ஓட்டுவோம் என்பதை முன்பே எழுதி, அதுவரை தொடாதீர்கள்.

வரிசைப்படுத்த ரைஸ் முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள்: எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு தாக்கம், எவ்வளவு நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி உழைப்பால் வகுப்பது. நினைவூட்டல் வசதி காலாண்டில் 4,000 பேரைத் தொடும், தாக்கம் 1, நம்பிக்கை 50 சதவீதம், உழைப்பு ஒரு ஆள்-மாதம் (ஒருவரின் ஒரு மாத வேலை) என்றால் மதிப்பு 2,000. நிலுவையில் நிற்கும் பணத்துக்கான திரை 600 பேரைத்தான் தொடும், ஆனால் தாக்கம் 3, நம்பிக்கை 100, உழைப்பு அரை மாதம், மதிப்பு 3,600. இந்த எண்கள் துல்லியமானவை என்று நம்ப வேண்டாம். ஆனால் நம்பிக்கை என்ற அந்த ஒரு கட்டம்தான் உங்கள் ஆய்வு ரோட்மேப்புக்குள் நுழையும் கதவு. ஒரு விதி வையுங்கள்: பயனரிடமிருந்து நேரடி ஆதாரம் எதுவும் இல்லாத யோசனைக்கு 50-க்கு மேல் நம்பிக்கை போடக் கூடாது, யோசனை சொன்னவர் யாராக இருந்தாலும்.

தமிழ்த் திரைக்கு மட்டும் உரியவை

இதை இறுதி வாரத்தில் மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடுவதுதான் வழக்கம், அதனால்தான் தமிழ்ப் பதிப்புகள் இரண்டாம் தரமாக வருகின்றன. ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் இரட்டிப்பாகும். முதல் வரைபடத்தையே தமிழில் போட்டால், இடம் போதாதது அன்றே தெரியும். மேலும் கீழும் நீளும் எழுத்துகள் வெட்டுப்படாமல் இருக்க வரி உயரம் எழுத்தளவைப் போல 1.5 மடங்காவது இருக்கட்டும். நீண்ட பெயரைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெட்டும் நிரல், "கொ" என்பதில் "க" மட்டும் நிற்கும்படி வெட்டிவிடும்; எழுத்துக் கூட்டுகளை அறிந்து வெட்டும் நிரல் தேவை. தேடல் பெட்டியில் "thirunelveli" என்பது போல ரோமன் எழுத்திலும் தட்டச்சு செய்வார்கள், அதையும் ஏற்க வேண்டும். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுகள்தான். அதைத் தாண்டினால் பல துண்டுகளாகி, துண்டுக்கு 67 என்று குறைந்து, செலவும் பெருகும். கடைசி நாளையும் தொகையையும் முதல் வரியில் வையுங்கள்.

சொல் தேர்வில் பிடிவாதம் வேண்டாம். "ஓடிபி" என்றால் எல்லோருக்கும் புரியும். "ஒருமுறைக் கடவுச்சொல்" என்று மட்டும் போட்டால் நின்று யோசிப்பார்கள். ஐந்து பேரிடம் திரையைக் காட்டி "இது என்ன செய்யும்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு, தொடும் இடம் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்ற இரண்டையும் குழுவின் பொதுக் கூறுகளிலேயே பூட்டிவிடுங்கள், திரைக்குத் திரை விவாதிக்க வேண்டாம்.

தொடங்கும் வரிசை

முதல் வாரம், இப்போது ரோட்மேப்பில் இருக்கும் மூன்று பெரிய வசதிகளுக்கு மட்டும் அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து வாராந்திரப் பேட்டிகள். நான்காம் வாரம் முதல் பயன்பாட்டுச் சோதனைச் சுற்று, அதில் ஒரு தோல்வி நிலையாவது கட்டாயம். அறிக்கைக்குப் பதில், ஒரு நிமிடத்துக்கு மிகாத மூன்று காணொளித் துண்டுகளைப் பயனரின் அனுமதியோடு எடுத்து, திட்டமிடும் கூட்டத்தின் தொடக்கத்திலேயே போடுங்கள். பணம் போனதா என்று தெரியாமல் ஒருவர் போனை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்த பிறகு "அது அரிதான நிலை" என்று யாரும் எளிதில் சொல்லமாட்டார்கள்.

எடுத்த ஒவ்வொரு முடிவையும் ஒரே தாளில் தேதியோடு பதியுங்கள்: என்ன முடிவு, எந்த ஆதாரம், எந்த எண் எவ்வளவு மாறும் என்று எதிர்பார்க்கிறோம். நான்கு மாதம், அதாவது இரண்டு கணக்கெடுப்புச் சுழற்சி கழிந்ததும் அதைத் திறந்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆள் பற்றாக்குறையால் எதையாவது விட வேண்டியிருந்தால் எஸ்யுஎஸ்ஸை விடுங்கள், ரைஸ் அட்டவணையை விடுங்கள். பேட்டியையும் இந்த முடிவுத் தாளையும் விடாதீர்கள்.